ரொண்டல்யா யாருடைய இசை? பண்டூரியா, ஒக்டவினா, குத்யாபி பற்றி ஒரு நீண்ட இழை

5 மார்ச் 2023

ஒரு வாசகர் கேட்டது: “டினிக்லிங் மூங்கில் நடனக் காணொளி ஒன்று பார்த்தேன். ஆடுகிறவர்களுக்குப் பின்னால் பதினைந்து இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து மாண்டலின் மாதிரி எதையோ வாசிக்கிறார்கள். ஸ்பானியர்கள் விட்டுப்போனதை அப்படியே வைத்துக்கொண்டு பாரம்பரியம் என்கிறார்கள். இதில் பிலிப்பைன்ஸ்காரர்களுடையது என்று என்ன இருக்கிறது?”

5 மார்ச், இரவு

அது மாண்டலின் இல்லை, பண்டூரியா. அந்தக் குழுவுக்குப் பெயர் ரொண்டல்யா. பண்டூரியா, லாவுத், ஒக்டவினா, கித்தார், பாஹோ தே உன்யாஸ் என்கிற பெரிய பாஸ், இந்த ஐந்தும் சேர்ந்தது. எல்லாமே பிக் என்கிற சின்ன வில்லையைப் பிடித்து மீட்டுகிற வாத்தியங்கள்.

ஸ்பெயினிலிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1565-இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி செபு தீவில் வந்து இறங்கினார், 1898-இல் ஸ்பானிய ஆட்சி முடிந்தது. இடைப்பட்ட முந்நூற்றுச் சொச்ச வருடத்தில் வந்து சேர்ந்த வாத்தியங்கள் இவை. ஆனால் “அப்படியே” இல்லை. ஸ்பெயினின் பண்டூரியாவில் 12 தந்தி, ஆறு ஜோடி. பிலிப்பைன்ஸ் பண்டூரியாவில் 14. ஒரே ஸ்வரத்துக்குச் சேர்ந்து நிற்கிற தந்திகளைத் தொகுதி என்று வைத்துக்கொண்டால் இங்கேயும் ஆறு தொகுதிதான், ஆனால் மேலே உள்ள மூன்று தொகுதிக்கும் மும்மூன்று தந்தி, அடுத்த இரண்டுக்கும் இரண்டிரண்டு, கடைசியாக அடித்தொகுதிக்கு ஒற்றைத் தந்தி. சுருதியும் ஸ்பானிய வாத்தியத்தைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே. தந்தி எண்ணிக்கையும் மாறி, சுருதியும் மாறி, மரமும் மாறினால் அதை விட்டுப்போன பொருள் என்று எப்படிச் சொல்வது?

6 மார்ச்

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். கணவருக்கு லாஸ் பானியோஸில் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மணிலாவுக்குத் தெற்கே லகுனா மாகாணம், மக்கிலிங் மலை அடிவாரம். எங்கள் தெருக்கோடியில் தேவாலயத்தை ஒட்டிய கூடம், ஞாயிறு மாலை அங்கே ரொண்டல்யா ஒத்திகை. சின்ன வயதில் வீணை கற்றுக்கொண்டவள் நான். தந்திச் சத்தம் கேட்டால் கால் தானாகவே அந்தப் பக்கம் போகும். முதலில் வாசலில் நின்று கேட்டேன், பிறகு உள்ளே கூப்பிட்டார்கள், பிறகு கையில் ஒரு ஒக்டவினாவைக் கொடுத்துவிட்டார்கள். சொல்லிக்கொடுத்த பெரியவரை எல்லோரும் லோலோ என்றுதான் கூப்பிடுவார்கள், தாத்தா என்று அர்த்தம். எனக்கும் அவர் லோலோதான்.

6 மார்ச், மறுபடி

மூன்று தந்தி எதற்கு என்ற கேள்வி நல்ல கேள்வி. ஒரே ஸ்வரத்துக்கு மூன்று எஃகுத் தந்தியைச் சேர்த்து மீட்டும்போது சத்தம் கூடுகிறது, அது மட்டுமில்லை. மூன்றும் நூற்றுக்கு நூறு ஒரே சுருதியில் நிற்பது கிடையாது. மயிரிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அந்த வித்தியாசத்தால் ஸ்வரம் உள்ளுக்குள் மெல்ல அலையடிக்கும். பத்துப் பண்டூரியா சேர்ந்தால் ஒரு ஸ்வரத்துக்கு முப்பது தந்தி. காணொளியில் உங்களுக்கு மினுமினு என்று கேட்டிருக்குமே, அது இதனால் வருவது.

இதற்குக் கொடுக்கிற விலை, சுருதி சேர்க்கிற நேரம். ஒத்திகை ஆறு மணிக்கு என்றால் ஐந்தேகாலுக்கே பிள்ளைகள் வந்து பிரடையைத் திருக ஆரம்பிப்பார்கள். மழைக்காலத்தில் இன்னும் மோசம். லோலோ நடந்துகொண்டே ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் குனிந்து கேட்பார். மூன்றில் எது இறங்கியிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுவார், வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

9 மார்ச்

வீணைக்காரர்களுக்காக ஒரு தகவல். பண்டூரியாவின் ஆறு தொகுதியும் கீழிருந்து எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ, டி, ஜி. பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் ஒரே தூரம், நம் ஸ-ம தூரம். கித்தாரில் இந்த ஒழுங்கு நடுவில் ஓரிடத்தில் உடைகிறது. பண்டூரியாவில் உடைவதில்லை. அதனால் ஒரு பாட்டுக்கு விரல் பழகிவிட்டால், பாடுகிறவருக்கு எட்டவில்லை என்று சுருதி மாற்றச் சொன்னாலும் விரல் வடிவம் மாறாது, கையை மட்டும் நகர்த்தினால் போதும். ஊர்க் குழுக்களில் பாதிப் பேருக்கு மேல் நோட்டு வாசிக்கத் தெரியாது, காதால் கேட்டுத்தான் வாசிக்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய வரம்.

லாவுத்துக்கும் ஒக்டவினாவுக்கும் இதே சுருதிதான், ஒரு ஸ்தாயி கீழே. லாவுத் பண்டூரியாவைப் போலவே கண்ணீர்த்துளி வடிவம், ஆனால் பெரியது. அதன் முகப்பில் வயலினில் இருப்பதுபோல நீண்டு வளைந்த துளைகள். ஒக்டவினா குட்டிக் கித்தார் வடிவம். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று புத்தகங்களில் போட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அப்படித் தோன்றாது. லாவுத்தின் சத்தம் முன்னால் வந்து நிற்கும். ஒக்டவினாவின் சத்தம் உருண்டையாக, பின்னாலிருந்து வரும்.

9 மார்ச், இரவு

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, உண்டா என்று கேட்டவருக்கு: இடமே இல்லை. மூன்று எஃகுத் தந்தியைச் சேர்த்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு இழுபடும். வீணையில் இடது கை செய்கிற வேலையை இங்கே வலது கை செய்கிறது. அதுதான் ட்ரெமொலோ. பண்டூரியாவில் தந்தியின் நீளம் குறைவு, ஒரு தட்டு தட்டினால் சத்தம் உடனே செத்துவிடும். நீண்ட ஸ்வரம் வேண்டுமென்றால் பிக்கை மேலும் கீழும் விடாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கையிலிருந்து ஓட்டினால் இரண்டு பாட்டுக்குள் கை மரத்துவிடும், மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். நல்ல வாசிப்பில் தட்டுகள் தனித்தனியாகக் கேட்கவே கேட்காது.

இதற்கு உரைகல் குண்டிமான். மூன்று எண்ணிக்கையில் நகரும் காதல் பாட்டு வகை. பெரும்பாலும் மைனரில் புலம்பலாகத் தொடங்கி, பின்பாதியில் மேஜருக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் முதல் பண்டூரியாக்கள் ட்ரெமொலோவை மெல்லப் பெரிதாக்குவார்கள், இரண்டாம் பண்டூரியாக்கள் கீழே சேர்ந்து வருவார்கள், பாஹோ ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு நிற்கும். நாலைந்து விநாடிதான். அந்த நாலைந்து விநாடிக்காகவே வாரா வாரம் போனேன் என்று சொன்னாலும் தகும்.

12 மார்ச்

இன்னொரு வாசகர் காரமாக எழுதியிருக்கிறார்: “குத்யாபிதான் அசல் பிலிப்பைன்ஸ் வாத்தியம். ரொண்டல்யா அதன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டது. நீங்கள் பிடுங்கியவனுக்காகப் பேசுகிறீர்கள்.”

இதற்குக் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் எழுத வேண்டும். நாளை.

14 மார்ச்

முதலில் தெரியாதவர்களுக்காக. குத்யாபி இரண்டே தந்தி கொண்ட நீண்ட வாத்தியம், படகு மாதிரி உடல். மிந்தனாவோ தீவில் மகிந்தனாவோ, மரனாவோ மக்களிடம் குத்யாபி என்ற பெயரில் இருக்கிறது. திபோலி மக்களிடம் இன்னும் ஒல்லியாக ஹெகெலுங் என்ற பெயரில், பலவன் தீவில் குஸ்யாபி என்ற பெயரில். ஒரு தந்தி ஆதாரச் சுருதிக்கு, மற்றதில்தான் பாட்டு. மகிந்தனாவோ குத்யாபியில் மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்திப் பிடிக்கிற குறுக்குக் கட்டைகள், தேன்மெழுகில் நிற்கின்றன. மெழுகை இளக்கி மெட்டுகளை நகர்த்தினால் வேறு ஸ்வர வரிசை. பினலிக், தினலதாய் என்று இரண்டு வரிசை உண்டு. பினலிக்கில் அரை ஸ்வர இடைவெளி வரும், தினலதாயில் வராது.

இதைப் படிக்கிற வீணைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். வீணையின் 24 மெட்டும் மெழுகில்தானே பதிந்திருக்கிறது. சிறுவயதில் எங்கள் வீட்டுக்கு மெழுகு வேலைக்கு வருகிறவர் அடுப்பில் மெழுகை உருக்கும் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வித்தியாசம்: நாம் ஒருமுறை சரியாகப் பதித்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும் என்று பார்க்கிறோம். அவர்கள் அசைப்பதற்காகவே மெழுகை வைத்திருக்கிறார்கள்.

1993-இல் பிலிப்பைன்ஸ் அரசு முதன்முறையாக நாட்டின் மரபுக் கலைஞர்களுக்கு ‘காவாத் சா மன்லிலிக்கா நங் பாயன்’ என்ற உயரிய விருதைக் கொடுத்தது. அந்த முதல் வருடம் விருது பெற்ற மூவரில் ஒருவர் சமாவோன் சுலைமான், மகிந்தனாவோ குத்யாபிக் கலைஞர். இன்னொருவர் பலவனைச் சேர்ந்த மசினோ இந்தாராய். அவருடைய குலிலால் என்பது குஸ்யாபியும் மூங்கில் யாழும் துணைவரப் பாடும் காதல் கவிதை. மூன்று பேரில் இரண்டு பேர் தந்தி வாத்தியத்தோடு சேர்ந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

14 மார்ச், தொடர்ச்சி

இனி அந்தக் காரமான கேள்விக்கு. 17-ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார்களின் எழுத்துகளில் குத்யாபி வருகிறது, அதுவும் தகலோக், விசயா மக்களிடையே. இன்று அந்தப் பகுதிகளில் அது இல்லை. ஸ்பானியர் கை முழுமையாக எட்டாத மிந்தனாவோவிலும் பலவன் மலைகளிலும்தான் தங்கியிருக்கிறது. தேவாலயமும் பள்ளியும் ஊர்த் திருவிழாவும் எந்தப் பக்கம் போனதோ, வாத்தியமும் அந்தப் பக்கம் போய்விட்டது. ரொண்டல்யாவைக் கொண்டாடுகிற நான் இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. முதல் குறிப்பில் தந்திக் கணக்கு மட்டும் எழுதினேன். இழந்த கணக்கும் கூடவே வர வேண்டும்.

ஆனால் “பிடுங்கியவன்” யார்? பலாமரத்தைக் குடைந்து பண்டூரியா செய்த பம்பங்கா தச்சரா? கல்யாண வீட்டில் விடிய விடிய வாசித்துவிட்டுக் காலையில் வயலுக்குப் போனவரா? அவர்கள் கைக்கு வந்ததை எடுத்துத் தங்கள் காதுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டவர்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்னால் முடியாது. குத்யாபிக்காகப் பேச ரொண்டல்யாவைத் தள்ள வேண்டியதில்லை. குத்யாபிக்கு இன்று தேவை கற்றுக்கொள்கிற பிள்ளைகள்.

15 மார்ச்

கலிங்கா மக்களின் கொலிதோங் பற்றி யாரோ ஒரு வரி போட்டிருந்தார்கள், அதை அப்படியே விட மனமில்லை. வடக்கு லூசான் மலைப்பகுதி. ஒரு மூங்கில் கணு. அதன் மேல்தோலிலேயே மெல்லிய இழைகளை நீளவாக்கில் கீறி எடுத்து, இரண்டு முனையும் மூங்கிலோடு ஒட்டியிருக்க, அடியில் சின்னச் சின்ன முட்டுகளைச் செருகித் தூக்கி நிறுத்துவார்கள். தந்தி தனியாக வாங்க வேண்டாம், வாத்தியத்தின் தோலே தந்தி. ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தேன். சத்தம் நம் மடியைத் தாண்டிப் போகாது. வாசிக்கிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் மட்டும்.

19 மார்ச்

மரம் பற்றி. ஆமாம், பலா. அங்கே லங்கா என்பார்கள். பண்டூரியாவின் முதுகும் பக்கங்களும் பலாவில் செய்வது வழக்கம். தஞ்சாவூர் வீணையும் பலாவில்தான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கூடத்தில் ஒரு பழைய பண்டூரியாவின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். வீட்டு வீணைக்குடத்தில் இருக்கிற அதே மஞ்சள் பழுப்பு, கைபட்டுக் கைபட்டு ஏறிய அதே நிறம். நர்ரா மரத்திலும் செய்வார்கள், அது கனம் அதிகம்.

எங்கே செய்கிறார்கள்? பெயர் பெற்ற இடங்கள் இரண்டு. செபுவை ஒட்டிய மக்தான் தீவு, லூசானில் பம்பங்கா மாகாணத்தின் குவாகுவா. குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிகள் வாங்குவது கித்தார்தான். பண்டூரியாவும் ஒக்டவினாவும் பள்ளிக்கூடங்களும் ஊர்க் குழுக்களும் சொல்லிவைத்துச் செய்ய வேண்டியவை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் முதலில் வாங்கியது ஒரு நினைவுப்பொருள் கடையில். பளபளவென்று வார்னிஷ், ஓரமெல்லாம் சிப்பி வேலை. மரம் காயவில்லை. 14 எஃகுத் தந்தியின் இழுப்பு சாதாரணமில்லை. அடுத்த மழைக்குள் கழுத்து முன்னால் வளைந்து, மேல் மெட்டுகளில் தந்தி கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. லோலோ பார்த்துவிட்டு, இதைச் சுவரில் மாட்டு என்றார். வாங்குமுன் கழுத்தை ஒரு கண் மூடிப் பாருங்கள், நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். எல்லாத் தந்தியையும் முழுச் சுருதிக்கு ஏற்றச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஏற்ற மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

19 மார்ச், இரவு

பிக் பற்றி எழுத விட்டுப்போயிற்று. பூவா என்பார்கள். அந்தக் காலத்தில் ஆமையோட்டில் செய்வார்கள், எருமைக் கொம்பிலும். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். லோலோ மட்டும் கொம்பில்தான் வாசிப்பார், அவரே உரசிக்கொள்வார். உரசும்போது முடி கருகின நாற்றம் கூடம் முழுக்க அடிக்கும், பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஆனால் அந்தப் பிக்கில் வரும் ட்ரெமொலோவில் உரசல் சத்தமே இருக்காது. பாஹோவுக்குத் தோல் பிக். தடித்த நாலு தந்தி, பிளாஸ்டிக் போட்டால் தட்தட்டென்று கேட்கும்.

26 மார்ச்

இது எப்படிப் பள்ளிக்கூடம் வரை வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்பானிய காலத்தில் இந்தக் குழுக்களை எஸ்துதியாந்தினா, கொம்பார்சா என்றெல்லாம் அழைத்தார்கள். அமெரிக்கர்கள் வந்த பிறகுதான் ரொண்டல்யா என்ற பெயர் நிலைத்தது. 1930-களில் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஹோர்ஹே பொகோபோவின் ஊக்கத்தில் பிரான்சிஸ்கா ரெயெஸ் அக்கினோ ஊர் ஊராகப் போய் நடனங்களைச் சேகரித்தார். கூடவே போய் இசையை எழுதியெடுத்தவர் அந்தோனியோ புவெனவெந்தூரா. பிற்பாடு இருவரும் தேசியக் கலைஞர்கள் ஆனார்கள், அக்கினோ 1973-இல், புவெனவெந்தூரா 1988-இல். அந்தச் சேகரிப்பு பள்ளிகளுக்குப் போனது. நடனம் போன இடத்துக்கெல்லாம் ரொண்டல்யாவும் போனது.

1957-இல் பாயனிஹான் நடனக் குழு தொடங்கியது. அடுத்த வருடமே பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆடிப் பேர் வாங்கியது. உலகம் ரொண்டல்யாவைக் கேட்டது பெரும்பாலும் அப்படித்தான், நடனத்துக்குப் பின்னால். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மேடைக்குப் பின்வரிசையில் உட்கார்த்தி வைத்தே பழக்கிவிட்டதால், இது துணைக்கு வாசிக்கிற இசை என்று பலர் நினைத்துவிட்டார்கள். மேலே கேள்வி கேட்டவரும் நடனக் காணொளியில்தான் பார்த்திருக்கிறார். நடனம் இல்லாமல், ரொண்டல்யாவுக்கென்றே எழுதிய இசையும் இருக்கிறது. 1973-இல் தொடங்கிய இளம் கலைஞர்களுக்கான தேசிய இசைப் போட்டியில் ரொண்டல்யாவுக்குத் தனிப் பிரிவு உண்டு. 2004-இல் பிகோல் பகுதியில் சர்வதேச ரொண்டல்யா விழா நடத்தினார்கள், 2007-இல் துமகெதேயில் அடுத்தது. மற்ற நாட்டுத் தந்திக் குழுக்களும் வந்து வாசித்தன.

2 ஏப்ரல்

பாஹோ தே உன்யாஸ் இல்லாமல் சமாளிக்கலாமா என்று மணிலாவில் இருக்கும் நம் ஆள் ஒருவர் கேட்கிறார், பிள்ளையின் பள்ளிக் குழுவுக்காக. பலர் சமாளிக்கிறார்கள். வில்லால் இழுக்கிற டபுள் பாஸை விரலால் மீட்டி ஓட்டுகிறார்கள், சில இடங்களில் எலெக்ட்ரிக் பாஸ். கிடைத்தால் பாஹோவையே வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு போட்ட வாத்தியம் என்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும், மேலே அத்தனை எஃகுத் தந்திகள் மினுங்கும்போது அடியில் அந்தத் துல்லியம் வேண்டும். எங்கள் குழுவில் பாஹோ வாசித்தது பதினோரு வயதுப் பெண். வாத்தியம் அவளைவிட உயரம். ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, கையை முழுக்க நீட்டி முதல் மெட்டைப் பிடிப்பாள். தாளம் ஒருநாளும் தப்பியதில்லை.

3 ஏப்ரல்

அதே ஆளுக்கு: பிள்ளைக்கு எந்த வாத்தியம் என்று கேட்டீர்கள். எல்லோரும் முதல் பண்டூரியாவுக்குப் போட்டி போடுவார்கள், பாட்டு அதில் இருப்பதால். விரல் சின்னதாக இருந்தால் பண்டூரியா சரிதான், மெட்டுகள் நெருக்கம். பத்து வயது தாண்டியிருந்தால் ஒக்டவினா கொடுத்துப் பாருங்கள். நடுவில் உட்கார்ந்து வாசிக்கிற பிள்ளைக்கு மேலே என்ன நடக்கிறது, கீழே என்ன நடக்கிறது என்று இரண்டையும் கேட்டே ஆக வேண்டும். காது சீக்கிரம் வளரும்.

8 ஏப்ரல்

எதைக் கேட்பது என்று கேட்டவர்களுக்கு. ஹுவான் சிலோஸ் ஜூனியர் ரொண்டல்யா, வில்லார் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்த பழைய பதிவுகளில் தொடங்குங்கள். நாட்டார் நடனங்களுக்காகப் பதிவு செய்தவை, பல பள்ளிகளில் பிள்ளைகள் அவற்றுக்குத்தான் ஆடிப் பழகினார்கள். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் தடவை பாட்டை விட்டுவிட்டு இரண்டாம் பண்டூரியாவை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அதன் பிறகு மகிந்தனாவோ குத்யாபி ஒன்றைத் தேடிக் கேளுங்கள், காதில் ஹெட்போன் போட்டு, வீட்டில் சத்தமில்லாத நேரமாகப் பார்த்து. ஆதாரத் தந்தி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், அதன் மேல் பாட்டு ஏறி இறங்கும். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு அந்நியமாக இருக்காது.

முதலில் கேள்வி கேட்ட வாசகர் இன்று எழுதியிருக்கிறார், காணொளியை மறுபடி ஓட்டித் தந்தியை எண்ணிப் பார்த்தாராம், படம் தெளிவில்லையாம். பிரடைகளை எண்ணுங்கள், அது சுலபம். பதினாலு இருக்கும்.